நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு

முந்நூற்று நாற்பது பலகை.
கறுப்பு அக்ரிலிக், வெள்ளை எழுத்து,
மூலைக்கு ஒன்றாக நாலு திருகு.
சிம்மக்கல்லில் எங்கள் லேசர் மிஷின்
ஒன்பது ராத்திரி புகைந்தது.
லத்தீனைச் சாய்த்து வெட்டு, தமிழை நிமிர்த்தி வெட்டு
என்றார் இப்ராம்ஷா பாய்.
சாய்த்தேன். நிமிர்த்தினேன்.

அழகர்கோயில் சாலையில் தாவரவியல் பூங்கா திறந்து
நாலு மாசம் ஆச்சு.
பாதிப் பணம் இன்னும் வரவில்லை.
போன வாரம் பழைய ஃபைல்களை அழிக்கப் போனேன்.
117 மருது, 118 கடம்பு
என்று பட்டியலில் இருந்தது.
நான் வெட்டியதில் எண்கள் சரி,
பெயர்கள் இடம் மாறிக் கிடந்தன.

மதுரையில் இருந்துகொண்டா இந்தத் தப்பு?
ஊர்ப்பெயர் மருதில் பிறந்தது என்று ஒரு கட்சி,
இது கடம்பவனம் என்று ஒரு கட்சி.
இரண்டுக்கும் ஒரே ராத்திரியில்
சட்டையை மாற்றிப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பாயிடம் சொன்னால் சம்பளத்தில் கழிப்பார்.
டாக்டர் இன்பவல்லியிடம் சொன்னால்
மீதிப் பணத்தையே மறந்துவிடுவார்.
கழிவுத் துண்டில் புதிதாய் இரண்டு வெட்டி
நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு
ஞாயிறு மதியம் முப்பது ரூபாய் டிக்கெட்.
வாசலில் செபஸ்தியான் பையைத் திறந்தார்.
தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.
திருப்புளி அவர் கண்ணில் படவில்லை.

நேராகப் போயிருக்கலாம்.
கண்ணாடி வீடு இழுத்துவிட்டது.
வெளியே மே மாசம், செருப்பில் தார் ஒட்டுகிறது.
உள்ளே எங்கோ ஒரு மலையின் ஐப்பசி.
ஸ்ஸ் என்று குழாய் மூச்சுவிட
பெரணிகள் நிற்கின்றன
ஏ.சி. வார்டு கிடைத்த நோயாளிகளாக.
பெஞ்சில் ஒரு ஜோடி, செடிக்கு அடித்த தண்ணீரை
முகத்தில் வாங்கிக்கொண்டு.
அவர்களுக்குப் பின்னால் பலகை 42.
எழுத்து நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.
கைக்குட்டையால் துடைத்தேன்.
அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

117 என் உயரம்கூட இல்லை.
போனில் பார்த்துப் படித்து வைத்திருந்தேன்:
மருது என்றால் நீள இலை,
காம்புப் பக்கம் அடியில் இரண்டு பரு.
தடவினேன். இருந்தன, இரண்டும்.
மேலே என் பலகை கூசாமல் சொன்னது: கடம்பு.

பக்கத்தில் ஒரு பிள்ளை, ஆறாங்கிளாஸ் இருக்கும்,
நோட்டில் இலையை வரைந்து
கீழே கடம்பு என்று எழுதிக்கொண்டிருந்தாள்.
தொண்டை அடைத்தது.
"பேனாவா பாப்பா, பென்சிலா?"
"பென்சில்."
"நல்லது."

அவள் 118-க்கு நகர்ந்ததும் குந்தினேன்.
மூன்று திருகு சுலபம்.
நாலாவதை இறுக்கியவன் எவனோ
மாமியார் மேல் கோபத்தில் இறுக்கியிருக்கிறான்.
உள்ளங்கை கன்றிப்போய், கழற்றி,
புதுசை மாட்டி நிமிர்ந்தால்
விசில்.
ஆறு மணி. எல்லாரும் வெளியே, எல்லாரும் வெளியே.

பிள்ளை இரண்டு மரத்தையும் பார்த்தாள்.
இதிலும் மருது. அதிலும் மருது.
அதன் இலையோ அப்பளம் அகலம்.
"அண்ணே, எதுண்ணே நெசம்?"
"இது நெசம். அது அடுத்த ஞாயிறு."
அவள் ரப்பரைத் தேடினாள்.
செபஸ்தியான் தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் தந்தார்,
பாதி குடித்துவிட்டு.

பெரியார் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
மடியில் பேப்பருக்குள் இரண்டு கடம்பு,
ஒன்று பழசு, ஒன்று புதுசு.
அங்கே கடம்பு பெயரில்லாமல் நிற்கிறது,
அடுத்தவன் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
இன்றைக்கும் ஒரு விரல் வளர்ந்திருக்கும்.
கண்டக்டர் பையைப் பார்த்தார்.
லக்கேஜ் போடவில்லை.